கழற்றிய பிறகே பிடுங்க வேண்டும்

நகலகங்களிலும் கல்லூரிக் கணினிக் கூடங்களிலும் அன்றாடம் நடப்பதுதான். பென் டிரைவைச் செருகுகிறார்கள், கோப்பை நகலெடுக்கிறார்கள், திரையில் வேலை முடிந்ததாகக் காட்டிய மறுகணமே அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் கணினியில் இந்த அவசரம் பெரும்பாலும் பிழைத்துப்போகிறது. இதே பழக்கத்தோடு லினக்ஸ் கணினிக்கு வருபவர், வீட்டுக்குப் போய்த் திறந்து பார்க்கும்போது கோப்பின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. அது நண்பருக்குக் கொடுத்த திரைப்படமாக இருந்தால் பரவாயில்லை. ஆய்வேட்டின் கடைசி இயலாகவோ, ஊராட்சி அலுவலகத்தின் வரவு செலவுக் கணக்காகவோ இருந்துவிட்டால்?

இப்படி ஒருமுறை நேர்ந்துவிட்டால் "லினக்ஸ் சரிப்படாது" என்ற தீர்ப்பு உடனே எழுதப்பட்டுவிடுகிறது. கழற்றி மாட்டும் வட்டுகளைப் பற்றி யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு என்பதையும், அந்தக் கணக்குக்கு அரை நூற்றாண்டு வயது என்பதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் மாணவர்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே இது எங்கோ உள்ள நிரலாளர்களுக்கு மட்டுமே உரிய செய்தியன்று.

யூனிக்ஸ் பிறந்தது 1969-இல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் தாங்கள் பயன்படுத்திய கணினியை விவரித்திருக்கிறார்கள். அதிலிருந்த நான்கு வட்டு இயக்கிகள், ஒவ்வொன்றும் இரண்டரை மெகாபைட் கொள்ளும், கழற்றி மாட்டக்கூடிய வட்டுப் பேழைகளைக் கொண்டவை. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அந்தப் பேழையில் அடங்காது. கவனிக்க வேண்டியது வேறொன்று: கழற்றி மாட்டும் வட்டு என்பது யூனிக்ஸுக்குப் பின்னாளில் வந்த விருந்தாளி அன்று. தொடக்கத்திலிருந்தே அது வீட்டு ஆள்.

அந்தப் பேழைகளுக்காக அவர்கள் வகுத்த வழிதான் 'மவுண்ட்' எனப்படும் பொருத்துதல். விண்டோஸில் புதிய வட்டு ஒன்று வந்தால் அதற்கு டி, இ, எஃப் என்று ஓர் எழுத்து கிடைக்கும். ஒவ்வொரு வட்டும் தனித்தனி மரம். யூனிக்ஸில் இருப்பது ஒரே மரம். அதன் வேரிலிருந்து கிளை பிரிந்து எல்லாக் கோப்புறைகளும் விரிகின்றன. புதிய வட்டைக் கொண்டுவந்தால், ஏற்கெனவே உள்ள ஒரு கோப்புறையின் மேல் அதை ஒட்டுப் போட வேண்டும். மாமரத்துக் கிளையில் வேறொரு மாவின் ஒட்டைக் கட்டுவது போன்றதே இது. ஒட்டியபின் அந்தக் கோப்புறைக்குள் நுழைபவர் புதிய வட்டுக்குள் நுழைகிறார். எங்கே ஒரு வட்டு முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கோப்புறையில் முன்பே ஏதேனும் இருந்திருந்தால் அது அழிவதில்லை. ஒட்டு இருக்கும்வரை மறைந்திருக்கும், ஒட்டைக் கழற்றியதும் மீண்டும் தெரியும். இது தெரியாதவர்கள் கோப்பு காணாமற்போனதாகப் பதறுவது உண்டு.

கழற்றும் கட்டளையின் பெயரில் ஒரு வேடிக்கை. ஆங்கில முறைப்படி 'அன்மவுண்ட்' என்றிருக்க வேண்டியது, ஓர் எழுத்து குறைந்து 'யுமவுண்ட்' என்றே நின்றுவிட்டது. ஐம்பது ஆண்டுகளாகப் புதிதாகக் கற்க வருபவர்கள் அந்த ஓர் எழுத்தைக் கூடுதலாக அடித்துப் பிழைச்செய்தி வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

இன்று உபுண்டு போன்ற வழங்கல்களில் இந்தக் கட்டளைகளை யாரும் கையால் அடிக்க வேண்டியதில்லை. பென் டிரைவைச் செருகியதுமே கணினி அதை அடையாளம் கண்டு, பயனரின் பெயரில் அமைந்த கோப்புறைக்குள் தானே பொருத்திவிடுகிறது. பொருத்துவது தானியங்கியாகிவிட்டது, கழற்றுவது ஆகவில்லை. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

நகலெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது. ஆகவே எழுத வேண்டியவற்றை லினக்ஸின் கருவகம் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நகலெடுத்த நிரலிடம் "ஆயிற்று" என்று சொல்லிவிடுகிறது. பிறகு வசதிபோல வட்டில் எழுதுகிறது. இயல்பான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை எழுதும் பணி விழித்தெழும். 30 நொடிக்கு மேல் காத்திருந்தவற்றை எழுதத் தொடங்கும். இப்படிக் காத்திருப்பவை பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை சேரலாம். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அது ஒரு ஜிபியைத் தாண்டிவிடும். நொடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் மட்டுமே எழுதவல்ல மலிவான பென் டிரைவ் ஒன்றுக்கு ஒரு ஜிபியை எழுதி முடிக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையிலோ, நகலெடுத்தல் சில நொடிகளில் முடிந்துவிட்டதாகப் பச்சைக்கோடு நிறைந்து நிற்கும்.

இந்தப் பச்சைக்கோடு சொல்வது பாதி உண்மை. நிரலைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. பயனரைப் பொறுத்தவரை முடியவில்லை. இது பயனரின் குற்றம் என்று தள்ளிவிடும் லினக்ஸ் ஆர்வலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வட்டுக்குப் போய்ச் சேராத ஒன்றை முடிந்ததாகக் காட்டுவது பயனரிடம் பொய் சொல்வதே. மெதுவான யுஎஸ்பி வட்டுகளால் இந்தக் காத்திருப்புக் குவியல் பெருகுவதைப் பற்றி 2013-இல் கருவக உருவாக்குநர்களிடையே விரிவான விவாதமே நடந்தது. பென் டிரைவுகளில் பரவலாக உள்ள ஃபேட் அமைப்புக்கு மட்டும், எழுதுவதை உடனுக்குடன் தொடங்கிவிடும் 'ஃபிளஷ்' என்னும் ஏற்பாட்டைத் தானியங்கிப் பொருத்துநர் சேர்த்துக்கொள்கிறது. மற்ற அமைப்புகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

விண்டோஸ் எப்படித் தப்பிக்கிறது? வெளி வட்டுகளுக்கு இப்படிச் சேர்த்து வைத்து எழுதுவதை அது தவிர்க்கிறது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து 'விரைவாக நீக்குதல்' என்பதே இயல்பமைவு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வேகத்தைச் சற்று இழந்து பாதுகாப்பைப் பெறும் பேரம் இது. ஆப்பிளின் மேக் கணினிகளும் யூனிக்ஸ் வழிவந்தவையே. அவற்றில் வெளி வட்டைச் சொல்லாமல் பிடுங்கினால், முறையாக வெளியேற்றவில்லை என்ற கண்டிப்பு திரையில் வந்து விழும். பழைய மேக்கில் வட்டை வெளியே எடுப்பதற்கு அதன் படத்தைக் குப்பைத்தொட்டிக்குள் இழுத்துப் போட வேண்டும். எல்லாம் அழிந்துவிடுமோ என்று அஞ்சியபடியே பலரும் அதைச் செய்தார்கள்.

ஆக, லினக்ஸ் பயனர் செய்ய வேண்டியது ஒன்றே. கோப்பு மேலாளரில் பென் டிரைவின் பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றும் குறியைச் சொடுக்கி, பாதுகாப்பாக எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது கருவகம் மிச்சம் மீதி அனைத்தையும் எழுதி முடித்து, ஒட்டை அவிழ்த்துவிடுகிறது. அறிவிப்பு வர மூன்று நிமிடம் ஆனால், நாம் பிடுங்கியிருந்தால் மூன்று நிமிட எழுத்து போயிருக்கும் என்று பொருள். கட்டளை வரியில் பணிபுரிபவர்களுக்கு 'சிங்க்' என்னும் கட்டளை உண்டு. எழுதாமல் நிற்பவற்றை எழுதச் சொல்வது அது. அந்தக் கட்டளையை மூன்று முறை அடித்துவிட்டே கணினியை நிறுத்த வேண்டும் என்பது பழைய யூனிக்ஸ் பணியாளர்களிடம் வாய்மொழியாக வழங்கிவந்த சாத்திரம். மூன்று முறை அடிக்க ஆகும் நேரத்துக்குள் எழுதும் வேலை முடிந்துவிடும் என்பதே அதன் உட்பொருள் என்பார்கள்.

வெளியேற்றக் கேட்டால் "வட்டு பயன்பாட்டில் உள்ளது" என்று கணினி மறுப்பதும் உண்டு. வட்டிலுள்ள கோப்பு எங்கோ திறந்திருக்கிறது, அல்லது முனையத்தின் சாளரம் ஒன்று அந்தக் கோப்புறைக்குள் நிற்கிறது என்பதே காரணம். நிற்கும் கிளையை வெட்ட முடியாதல்லவா? முனையத்தில் வேறு கோப்புறைக்கு மாறினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்ட 'எல்எஸ்ஓஎஃப்', 'ஃபியூசர்' போன்ற கருவிகளும் உள்ளன.

அடுத்த தடை, வட்டு வடிவமைக்கப்பட்ட முறை. கடைகளில் வாங்கும் சிறிய பென் டிரைவுகளில் இருப்பது பெரும்பாலும் ஃபேட்32. எல்லாக் கணினிகளும் படிக்கும். ஆனால் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியை எட்டக்கூடாது. வட்டில் 20 ஜிபி காலியாக இருந்தும் ஒரு நீண்ட காணொளியை ஏற்க மறுப்பது இதனால்தான். அந்த வரம்பை நீக்க மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்தது எக்ஸ்ஃபேட். லினக்ஸுக்கு அது நெடுங்காலம் முறைப்படி வாய்க்கவில்லை. காரணம் தொழில்நுட்பம் அன்று, காப்புரிமை. ஃபேட் அமைப்பில் நீண்ட பெயர்களைச் சேமிக்கும் முறை உள்ளிட்டவற்றுக்காக, லினக்ஸைப் பயன்படுத்திய டாம்டாம் நிறுவனத்தின் மீது 2009-இல் மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் சமரசமும் ஆயிற்று. அந்த அச்சம் எல்லோரையும் தொற்றியிருந்தது. பத்தாண்டு கழித்து, 2019 ஆகஸ்டில், அதே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ஃபேட்டின் வரையறையை வெளியிட்டு, லினக்ஸில் சேர்த்துக்கொள்ள ஆதரவும் தெரிவித்தது. 2020-இல் வந்த 5.7 கருவகத்தில் சாம்சங் எழுதிய இயக்கி இடம்பெற்றது. இன்றைக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொதுவாக ஒரு வட்டு வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட்டே தக்கது.

பெரிய வெளி வட்டுகளில் என்டிஎஃப்எஸ் இருக்கும். அதை லினக்ஸ் படிக்கும், எழுதவும் செய்யும். ஆயினும் சிலவேளை எழுத மறுத்து, படிக்க மட்டும் இசையும். விண்டோஸ் முழுமையாக நிற்காமல் உறங்கப் போயிருந்தாலோ, வட்டை முறையாக விடுவிக்காமல் பிடுங்கியிருந்தாலோ, அதன்மேல் ஓர் எச்சரிக்கைக் குறி நிற்கும். அதைப் பார்த்துத்தான் லினக்ஸ் கையைக் கட்டிக்கொள்கிறது. விண்டோஸில் ஒருமுறை செருகி முறையாக விடுவித்தால் தடை நீங்கிவிடும்.

லினக்ஸ் கணினிகளுக்கிடையே மட்டும் பயன்படும் வட்டு என்றால் அதன் சொந்த அமைப்பான எக்ஸ்ட்4 உண்டு. நடக்கும் மாற்றங்களைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு செய்வதால், திடீரென்று மின்சாரம் போனாலும் அமைப்பு குலையாமல் மீண்டுவிடும். ஃபேட்டுக்கு அந்தக் குறிப்பேடு இல்லை. ஆனால் வேறொரு சங்கடம் வந்து சேரும். யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. அவர் பெயராக அன்றி எண்ணாகவே வட்டில் பதியப்படுகிறார். பல வழங்கல்களில் முதற்பயனரின் எண் 1000. உங்கள் வீட்டில் 1000 நீங்கள். அலுவலகக் கணினியில் 1000 வேறொருவர். வட்டைக் கொண்டுசென்றால், அங்கே உங்கள் கோப்புகளுக்கு அவர் உரிமையாளர் ஆகிவிடுவார். நீங்கள் வெளியே நிற்பீர்கள். ஃபேட், எக்ஸ்ஃபேட் வட்டுகளில் உரிமையாளர் என்ற கருத்தே கிடையாது என்பதால், பொருத்துபவருக்கே எல்லாம் உரியதாகக் காட்டப்படும். ஊர் ஊராகச் சுற்றும் பென் டிரைவுக்கு அந்த எளிமையே நல்லது.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுபவர்கள் மட்டும் சந்திக்கும் இடர் ஒன்று உண்டு. கையேடுகளில் இது அரிதாகவே காணக்கிடைக்கும். விண்டோஸ் அமைப்புகளில் கோப்பின் பெயர் 255 குறியீடுகள்வரை நீளலாம். எக்ஸ்ட்4-இல் வரம்பு 255 பைட்டுகள். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றே, ஏனெனில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். தமிழிலோ யூடிஎஃப்-8 முறைப்படி ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டுகள். 'க' என்பது ஒரு குறியீடு. 'கி' என்பது இரண்டு, அதாவது 6 பைட்டுகள். ஆகவே 85 குறியீடுகளுக்கு மேல், நம் கணக்கில் ஐம்பது அறுபது எழுத்துகளுக்கு மேல், பெயர் நீண்டால் லினக்ஸ் வட்டு அதை ஏற்காது. அரசாணைகளையும் கருத்தரங்கக் கட்டுரைகளையும் முழுத் தலைப்போடு சேமிப்பது நம்மவர் வழக்கம். விண்டோஸில் சேமித்த அத்தகைய கோப்புகள் நூறு இருந்தால், பென் டிரைவிலிருந்து லினக்ஸ் கணினிக்கு எடுக்கையில் தொண்ணூறு வரும். பத்து, 'பெயர் மிக நீளம்' என்ற பிழைச்செய்தியோடு வெளியிலேயே நின்றுவிடும். செய்தியைப் படிக்காமல் மூடிவிட்டால் அந்தப் பத்தின் நினைவே வராது. மறுதிசையில் வேறு தடை: பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால் லினக்ஸுக்குச் சம்மதம், விண்டோஸ் வகை வட்டுகளுக்குச் சம்மதமில்லை. பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டால் ஆங்கிலக் கோப்புகளுக்கு வரும் குழப்பம் மட்டும் தமிழுக்கு இல்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை லினக்ஸ் பயனர்கள் சற்று நிம்மதியாக இருக்கலாம். முழு நிம்மதி கூடாது. வட்டைச் செருகியவுடனே அதிலுள்ள நிரலை இயக்கிவிடும் விண்டோஸின் பழைய வசதிதான் ஒருகாலத்தில் நச்சுநிரல்களுக்கு நெடுஞ்சாலையாக இருந்தது. 2008-இல் பரவிய கான்ஃபிக்கர் அதையும் வழியாகக் கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் கணினிகளில் பென் டிரைவுகளுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. நம்மூர்க் கடைகளில் இன்றும் தொற்றும் 'ஷார்ட்கட் வைரஸ்', கோப்புறைகளை மறைத்துவிட்டுப் போலிக் குறிகளை வைக்கிறது. அந்த மறைப்பு விண்டோஸுக்கு மட்டுமே செல்லும். அதே பென் டிரைவை லினக்ஸில் திறந்தால் மறைந்தவை எல்லாம் அப்படியே தெரியும்; எடுத்துக்கொள்ளலாம்.

யூனிக்ஸுக்கென்றே உரிய ஆபத்து வேறு. இயக்குபவர் யாராயினும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்படி ஒரு நிரலுக்கு முத்திரையிட யூனிக்ஸ் இடம் தருகிறது. வீட்டில் தன் கணினியில், நிர்வாகி என்ற முறையில் அப்படியொரு நிரலை பென் டிரைவில் வைத்து, கல்லூரிக் கணினியில் செருகி இயக்கினால் அங்கும் நிர்வாகியாகிவிட முடியும். ஆகவேதான் தானாகப் பொருத்தப்படும் வட்டுகளில் அந்த முத்திரை செல்லாது என்று நிபந்தனையிட்டே கணினி பொருத்துகிறது. இது கோப்புகளுக்கான காவல் மட்டுமே. பென் டிரைவ் வடிவில் வந்து, தன்னை விசைப்பலகை என்று அறிமுகம் செய்துகொண்டு கட்டளைகளைத் தானே தட்டச்சிடும் கருவிகளை 2014-இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அதன் முன் எல்லா இயங்குதளங்களும் ஒன்றே. கீழே கிடந்த பென் டிரைவை எடுத்துச் செருகாதிருப்பதே உத்தமம்.

வெளி வட்டை நிரந்தரமாக இணைத்து வைப்பவர்களுக்கு ஒரு சொல். லினக்ஸ் வட்டுகளுக்கு 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்று கண்டறிந்த வரிசையில் பெயர் தருகிறது. இன்றைய 'எஸ்டிபி' நாளை 'எஸ்டிசி' ஆகலாம். எனவே நிரந்தரப் பட்டியலில் எழுதும்போது வட்டின் தனித்த அடையாள எண்ணையே எழுத வேண்டும். வட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கட்டும் என்ற 'நோஃபெயில்' குறிப்பையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், வட்டைக் கழற்றி வைத்த நாளில் கணினி ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்து, பிறகு அவசரநிலைக் கறுப்புத் திரையில் நின்றுவிடும். வட்டுப் படிமங்களை எழுதும் 'டிடி' கட்டளையில் இந்தப் பெயர்களை மாற்றி அடித்தால் விளைவு இன்னும் கொடிது. பென் டிரைவுக்குப் பதிலாகக் கணினியின் சொந்த வட்டையே அது மறுப்பின்றி அழித்து எழுதும்.

சந்தையில் 'ஒரு டெராபைட்' என்ற முகப்போடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பென் டிரைவுகளில் உண்மைக் கொள்ளளவு மிகக் குறைவாகவே இருக்கும். கணினியிடமும் அவை அந்தப் பொய்யையே சொல்லும்; எழுதியவை வெறுமையில் விழும். 'எஃப்3' என்ற இலவசக் கருவி லினக்ஸில் உள்ளது. வட்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கியதும் ஓர் இரவு அதை ஓடவிடுவது நல்லது.

பிடுங்கியது பிடுங்கியதாகி, கோப்பும் போய்விட்டது என்றால் முதலில் செய்யக் கூடாதது, அந்த வட்டில் மேலும் எதையேனும் எழுதுவது. வடிவமைக்கட்டுமா என்று கணினி கேட்டால் மறுத்துவிட வேண்டும். 'டிடிரெஸ்க்யூ' கொண்டு வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் ஒரே படிமக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்; படிக்க முடியாத பகுதிகளைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒதுக்கிவிட்டு, படிக்க முடிந்ததை அது முதலில் மீட்கும். அந்தப் படிமத்தின் மீது 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' கருவிகளை ஓட்டினால், பெயர் தொலைந்த கோப்புகளும் உள்ளடக்கத்தின் தொடக்க அடையாளத்தைக் கொண்டு மீள வாய்ப்புண்டு. இவை யாவும் வட்டில் ஒருமுறையேனும் எழுதப்பட்டவற்றுக்கே உதவும். நினைவகத்திலேயே காத்திருந்து, வட்டுக்குப் போகாமல் நின்றவை வட்டைப் பிடுங்கியதோடு போயிற்று.